ஒரு சீட் இருந்தது

என் மனைவியின் அக்கா கடைசியாகப் பேசிய தமிழ் அவளைச் சுற்றி இருந்த யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அப்போது கோலாலம்பூர் விமான நிலையத்தில், மூடிய ஒரு கவுன்டருக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முதல் விமானம் தாமதமானது உண்மைதான். ஆனால் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவன் நான்.

அக்கா நர்ஸாக இருந்தவள். கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். இங்கேயே ஃபிட்டராக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனாள். மெல்பர்னிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போக வேண்டிய சிற்றூர். ஒரே மகன். வீட்டில் ஆங்கிலம்தான் என்பதால் அவனுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. கணவர் இறந்த பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. போன வருஷம் அது மூளைக்குப் பரவியது. அப்போதுதான் அது நடந்தது. இத்தனை காலம் பேசிய ஆங்கிலம் அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. மிஞ்சியது சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவள் சிறுவயதில் பேசிய தமிழ்.

மகன் போனில் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவான். என் மனைவி கேட்டுச் சொல்வாள், நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். நேராகப் போனில் பேச வழியில்லை. அக்காவுக்குக் காது போய்விட்டது. போனைக் காதில் வைத்தால் தட்டிவிடுவாள். ஆஸ்பத்திரியில் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பவர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்களாம். அவருக்கும் அந்தக் குழறலில் பாதி புரியவில்லை.

ஒரு பதிவு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“யார்ரா இவன், வந்து வந்து குத்திகினு போறான்? இன்னொரு வாட்டி வந்தான்னா கைய ஒடைப்பேன்னு சொல்லு.”

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “ஊசி வலிக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போடும்படி அம்மா கேட்டுக்கொள்கிறாள்” என்று நான் எழுதி அனுப்பினேன்.

“அதையா அவ சொன்னா?” என்றாள் மனைவி.

“அப்படியேவா எழுத முடியும்?”

“ஏன் முடியாது? அவ நர்ஸு. அவளுக்குத் திட்ட உரிமை கீது.”

அந்த மாதக் கடைசியில் மகன் கூப்பிட்டான். அம்மா ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்னவென்று தெரியாமல் நான் கட்டிலைச் சுற்றி ஓடுகிறேன், சித்தி வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஆங்கிலத்தில் அழுதான். டிக்கெட்டை அவனே எடுத்து அனுப்புவதாகச் சொன்னான். பெரிய கம்பெனி விமானம், ஒரே டிக்கெட், வழியில் பெட்டியைத் தொடக்கூட வேண்டாம் என்றான்.

நான் வேண்டாம் என்றேன். பணம் காரணமில்லை; அவன் கொடுக்கத் தயாராக இருந்தான், என்னிடமும் இருந்தது. வேறொருவன் ஏற்பாடு செய்து நான் போவதா என்ற எண்ணம்தான். நான் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவன். பாறையின் இரு பக்கமிருந்தும் தோண்டிவரும் இரண்டு பாதைகளைப் பூமிக்கடியில் ஒன்றோடொன்று சந்திக்க வைப்பது என் வேலை. இரண்டு விமானங்களைச் சந்திக்க வைக்க எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே தேடினேன். பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மலிவு விமானம். அங்கிருந்து மெல்பர்னுக்கு வேறொரு கம்பெனியின் மலிவு விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட், திரும்பி வருவதற்கும் அப்படியே. நடுவில் இறங்கி, பெட்டிகளை எடுத்து, வெளியே வந்து, மறுபடி கொடுத்து ஏற வேண்டும். அதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்திலிருந்து தினமும் என்னைப் பார்க்க வரும் பழைய சகா ஒருவர் உண்டு, வெடி வைக்கும் பிரிவில் இருந்தவர். அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, பங்காருபேட்டைல எறங்கி வண்டி மாறுற மாரி போட்டு வெச்சிகீற?”

“அதேதான். ஒரு வண்டியில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது. அதில் என்ன?”

“பங்காருபேட்டைல வண்டிய வுட்டா ஆட்டோ புடிச்சி வூட்டுக்கு வந்துடலாம். அங்க வுட்டா எங்க போவ, கடல்லயா?”

திண்ணையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெங்களூரில் கைப்பையைத் தராசில் வைத்தார்கள். அக்காவுக்கென்று என் மனைவி தைத்த பருத்தி நைட்டிகள் பையில் அடுக்காக இருந்தன. எடை கூடுதல் என்றாள் அங்கிருந்த பெண். என் மனைவி தயங்கவில்லை. பையைத் திறந்து, புடவைக்கு மேல் ஒரு நைட்டியை மாட்டினாள். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் ஸ்வெட்டர். “இப்ப நிறுத்துப் பாரும்மா” என்றாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

பக்கத்துப் பக்கத்து சீட் வேண்டுமானால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரயிலில் கேட்டால் மாறி உட்காருவார்களே, அப்படி இங்கேயும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஏறியபோது எனக்கு முன்பக்கத்தில் ஓரிடம், அவளுக்குக் கடைசி வரிசைக்கு அருகே இரண்டு இளைஞர்களுக்கு நடுவில். யாரும் மாறவில்லை. விமானம் கிளம்பாமல் ஓடுபாதை ஓரத்தில் வெகுநேரம் நின்றது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். விலைக்குத்தான், அதுவும் நோட்டு வாங்க மாட்டோம், கார்டு வேண்டும் என்றார்கள். என் கார்டை அவர்கள் மெஷின் ஏற்கவில்லை. முழங்கால் முன் சீட்டில் இடிக்க, சாய முடியாத அந்த நாற்காலியில், கடிகாரத்தைப் பார்த்தபடியே கடல் தாண்டினேன். நான் போட்ட கணக்கில் மீதமிருந்த நேரம் கண்முன் கரைந்துகொண்டிருந்தது. பின்னால் எழுந்து போய் அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லும் துணிவு இல்லை.

கோலாலம்பூரில் பாஸ்போர்ட் சோதனை வரிசை பாம்பாக வளைந்திருந்தது. பெட்டி வர நேரமாயிற்று. ஓடினோம் என்று எழுத ஆசை. எழுபது தாண்டியவர்கள் ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கவுன்டருக்குப் போனபோது மெல்பர்ன் என்ற எழுத்து பலகையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

அங்கே இருந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். மலேசியத் தமிழ்ப் பெண்.

“அங்கிள், கவுன்டர் மூடியாச்சு லா. நீங்க வந்த ஃப்ளைட் வேற கம்பெனி, எங்க கம்பெனி வேற. அவங்க லேட்டுன்னா நாங்க ஒன்னும் செய்ய முடியாது. புது டிக்கெட்தான் எடுக்கணும்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் அவர்களே ஏற்றிவிட்டிருப்பார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

“அம்மாடி, எங்க அக்கா சாவக் கெடக்குறா. அவ பேசுறது அங்க யாருக்கும் புரியல. அடுத்த ஃப்ளைட்டு எப்ப?”

பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். “இன்னிக்கு சாயந்தரம் ஒன்னு இருக்கு ஆண்ட்டி. ஆனா ஒரே ஒரு சீட்தான் காட்டுது. ரெண்டு பேருக்குன்னா நாளைக்கு சாயந்தரம்தான்.”

“நான் போறேன்” என்றாள் என் மனைவி.

அவள் யோசித்துச் சொல்லவில்லை, கேட்டுச் சொல்லவுமில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்துவிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் அவள் ஏதாவது ஒன்றை ஒரு மேஜை மேல் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்தேன்.

“இறங்கியது இரண்டு பேர். ஏறுவதும் இரண்டு பேர்தான்” என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. சுரங்கத்தில் எங்களுக்கு இருந்த கட்டுப்பாடு இது. எழுதி வைத்த விதியில்லை. ஆனால் எழுதிய விதியைவிட அதிகம் மதிக்கப்பட்டது. ஜோடியாகக் கீழே இறங்கியவன் ஜோடியோடுதான் கேஜில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், மேலே வருவான். கேஜில் ஒருவனுக்கு மட்டும் இடமிருந்தால் அவன் ஏறாமல் அடுத்த கேஜுக்காகக் காத்திருப்பான். தனியாக மேலே வந்தவனை, “எங்கடா உன் ஜோடி?” என்று வாயில் நிற்பவன் முதல் வீட்டுப் பெண்கள்வரை கேட்பார்கள். அந்த ஊரில் பிறந்த என் மனைவிக்கும் இது தெரியும். அதனால்தான் அதைச் சொன்னேன். அவள் மறுத்துப் பேச முடியாத வாக்கியமாகத் தேடி எடுத்தேன்.

அவள் மறுத்தாள்.

“இது இன்னா மைன்ஸா? இன்னா இடிஞ்சி வுழப்போவுது இங்க? நீங்க நாளைக்கு வாங்க. நான் முன்னாடி போறேன்.”

“உனக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே இறங்கினால் படிவம், கேள்வி, பெட்டி. எங்காவது மாட்டிக்கொள்வாய்.”

“வாய் கீதுல்ல, கேட்டுப்பேன்.”

கவுன்டர் பெண் குறுக்கே வந்தாள். “ஆண்ட்டி தனியா போலாம் அங்கிள். நான் வீல்சேர் போட்டுத் தர்றேன். ஏத்தி விட்டு, அங்க எறக்கி, உங்க சொந்தக்காரங்க கையில ஒப்படைச்சிருவாங்க. எத்தனையோ பாட்டிங்க அப்படிப் போறாங்க லா.”

“அவள் நன்றாக நடப்பவள். நொண்டி மாதிரி வீல்சேரில் எதற்கு?” என்றேன்.

“தவழ்ந்து கூடப் போறேன்” என்றாள் என் மனைவி. “பாஸ்போர்ட்டக் குடுங்க.”

கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். பின்னால் முதுகுப்பையோடு நின்ற ஒரு மாணவன், அந்த சீட் யாருக்கும் வேண்டாமா என்று பணிவாகக் கேட்டான். கவுன்டர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையசைத்தேன். அவன் வாங்கிக்கொண்டு போனான். என் மனைவி அவன் முதுகையே, அவன் கூட்டத்தில் மறையும்வரை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுரங்கக் கட்டுப்பாட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அன்று அது காரணமில்லை. உண்மையான காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் போய்விட்டால் அந்த விமான நிலையத்தில் நான் தனியாக இருக்க வேண்டும். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அவள்தான் கொடுப்பாள். எந்தப் பையில் எது இருக்கிறது என்று தெரியாது. பல ஆயிரம் அடி ஆழத்தில் விளக்கோடு நடந்தவன், வெளிச்சம் நிறைந்த ஒரு கூடத்தில் ஒரே ஒரு நாள் தனியாக இருக்கப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு, செத்துப்போன சுரங்கத் தொழிலாளிகளின் நாணயத்தைச் சட்டையாக மாட்டினேன்.

அடுத்த நாள் மாலை விமானத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி, அந்த நாற்காலிகளிலேயே இரவைக் கழித்தோம். அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

காலையில் என் போனில் ஒரு பதிவு வந்து விழுந்தது. அங்கே இணையம் இலவசம்தான், ஆனால் அடிக்கடி அறுந்துபோகும். மறுபடி நுழைய வேண்டும். பதிவோடு அக்காவின் மகன் எழுதியிருந்தான்: காலையிலிருந்து இதையே சொல்கிறாள், மிகவும் தவிக்கிறாள், தயவுசெய்து உடனே என்னவென்று சொல்லுங்கள்.

என் மனைவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எனக்கும் கேட்டது. மூச்சுக்கு நடுவே அறுந்து அறுந்து வந்த குரல்.

“சாக்ஸக் கழட்டுங்கடா... காலு எரியுதுடா... யாராச்சும் கழட்டுங்களேன்டா...”

“எழுதுங்க” என்றாள் மனைவி. முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “சாக்ஸக் கழட்டச் சொல்லுங்க. அவ்ளோதான். சாக்ஸு. சீக்கிரம் எழுதுங்க.”

எழுதி அனுப்பினேன். போகவில்லை. இணையம் அறுந்திருந்தது. மறுபடி நுழைய முயன்றேன். ஏதோ எண் கேட்டது. அந்த எண் என் இந்திய நம்பருக்கு வருமாம், அந்த நம்பர் அங்கே வேலை செய்யவில்லை. போனில் சார்ஜ் சிவப்பில் நின்றது. கொண்டுபோன சார்ஜர் அங்கத்திய துளைகளில் பொருந்தவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். கவுன்டர்கள் இன்னும் திறக்கவில்லை. காவலரிடம் கேட்டேன், அவர் எனக்கு வழி சொல்லும் பலகையைக் காட்டினார். என் ஆங்கிலம் அத்தனை நல்ல ஆங்கிலம், இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலம், அது ஒரு ஜோடி சாக்ஸைக் கழற்ற உதவவில்லை.

திரும்பி வந்தபோது என் மனைவி பக்கத்து பெஞ்சில் இருந்த, தலைக்கு முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் கிடையாது. என் மனைவி தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள், போனைப் போலக் கையைக் காதில் வைத்தாள், வானத்தைக் காட்டினாள், அழுதாள். அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், உடனே தன் போனை எடுத்து அதிலிருந்து எனக்கு இணையத்தைத் திறந்துவிட்டாள். செய்தி போனது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது கோடும் விழுந்தது. ஆனால் அது நீலமாகவில்லை. என் மனைவி அந்தக் கோடுகளைப் பார்த்தபடி, “படிடா, படிடா ராஜா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நீலமானபோது நண்பகல் ஆகியிருந்தது. பதில் எழுத்தில் வரவில்லை. அவன் கூப்பிட்டான். அவனிடமிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. அதற்கு மொழி தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்தின் நடுவே என் போன் அணைந்தது.

என் மனைவி முந்தின நாள் சாயந்தர விமானத்தில் போயிருந்தால், அந்தப் பதிவை அவன் எங்களுக்கு அனுப்பிய நேரத்தில் கட்டிலின் பக்கத்தில் இருந்திருப்பாள். இதைப் பல விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த விமானம் சரியான நேரத்துக்குப் போனதா என்றுகூடப் பின்னால் விசாரித்தேன். போயிருக்கிறது.

மெல்பர்னில் வெளியே வந்தபோது அவன் தனியாக நின்றிருந்தான். நடுத்தர வயது, நரைத்த தாடி, அம்மாவின் மூக்கு. சித்தியைக் கட்டிக்கொண்டு அவன் முதலில் சொன்னது: “நான் கழற்றிவிட்டேன். செய்தியைப் பார்த்ததும் கழற்றிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள். கால் குளிர்கிறது என்கிறாள் என்று நினைத்து, அதற்கு மேல் இன்னொரு ஜோடி நான்தான் போட்டேன்.”

இதை நான் என் மனைவிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முதல் பாதியை மட்டும் சொன்னேன். பிற்பாதியை அவள் என் முகத்தில் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவன் தாடையைப் பிடித்து, “உங்க அம்மாவுக்கு எப்பவுமே காலு சூடுடா. சின்னதுலயே போர்வையில காலு நிக்காது. உனக்கு எப்படிடா தெரியும்? யாரு சொன்னா உனக்கு?” என்றாள். அவன் என்னைப் பார்த்தான், அவள் சொன்னதற்கு அர்த்தம் கேட்டு. நான் குனிந்து பெட்டிகளைத் தூக்கினேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் நான் கிளம்ப வேண்டியிருந்தது. அவள் கிளம்பவில்லை.

“நீங்க போங்க. அக்கா துணிமணியெல்லாம் பிரிச்சி எடுத்து வெக்கணும். அந்தப் புள்ள தனியா கீது. நான் அப்புறமா வர்றேன்.”

“தனியாகவா?”

“தனியாத்தான்.”

“அதே கோலாலம்பூர் வழியாகவா? இறங்கி, பெட்டி எடுத்து...”

“அதே டிக்கெட்டுதான போட்டு வெச்சிகீறீங்க.”

நான் தனியாகத் திரும்பினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரைகளை அவள் நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். இங்கே வந்த பிறகு அந்தப் பழைய சகா ஒருநாள்தான் கேட்டார், “இன்னா சார், ஜோடிய வுட்டுட்டு மேல வந்துட்ட?” என்று. கேலியாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அவள் போன மாதம் வந்தாள். பெங்களூர் விமான நிலையத்தில் வருகை வாயிலில் காலையிலிருந்து நின்றேன். நான் வீல்சேரில் வரும் வயதானவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் அவளைத் தவறவிட்டேன். அவள் தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு, வழியில் நின்ற ஒரு குடும்பத்தை “கொஞ்சம் நவுருங்க” என்று விலக்கிவிட்டு வந்தாள். அக்காவின் குளிர்கோட்டு அவள் மேல் இருந்தது.

வண்டியை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் விடவில்லை. காருக்கு நடந்துபோகும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்தும், கேட்டுவிட்டேன்.

“கோலாலம்பூரில் கஷ்டமாக இருந்ததா?”

“இன்னா கஷ்டம்?” என்றாள், முன்னால் பார்த்தபடியே. “கேட்டா சொல்றாங்க.”